மாப்பிள்ளை பார்க்கும் மீன்கள்

கொசுத் தொல்லைக்குப் பரிகாரமாக எங்கள் அபிராமபுரத்து வீட்டுக் கிணற்றில் கப்பி மீன்களை விட்டிருக்கிறோம். அவற்றில் நாலைந்தைக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றிய நாள் முதல், எதிர் வீட்டு மாமிக்கு மாலைப் பொழுது அதன் எதிரில்தான் கழிகிறது.

"இந்தப் பொடியன் ஏன் வாலை விரிச்சுண்டு இந்த ஆட்டம் ஆடறான்?" என்று நேற்றுக் கேட்டார்.

"அவன் பெண் பார்க்க வரவில்லை, மாமி. பெண்தான் அவனைப் பார்க்கிறாள்!" என்றேன்.

ஆமாம், கப்பி குலத்தில் மாப்பிள்ளையைப் பொறுக்குகிறவள் பெண். அவள் பெரிய உருவம், மங்கல் நிறம். வர்ணப் புள்ளிகளோடு ஆடிக் காட்டுவது அவன் பாடு.

இதைவிட அதிசயம், அவளுடைய ருசி ஊருக்கு ஊர் மாறுவதுதான். கப்பியின் பூர்வீகங்களில் ஒன்று மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டிரினிடாட். அங்குள்ள பல ஓடைகளின் கப்பிகளை ஆன் ஹூட், ஜான் எண்ட்லர் என்ற இரு விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்து, 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களிடம் ஆரஞ்சுப் புள்ளி மிகுந்திருந்த ஓடைகளில், பெண்களுக்கும் ஆரஞ்சில் மோகம் அதிகம். மற்ற ஓடைகளில் அது குறைவு.

காரணம் என்ன? கப்பிகளை வேட்டையாடும் பெரிய மீன்கள் உள்ள இடத்தில் பளபளப்பு ஆபத்து. பகட்டான ஆண் முதலில் இரையாவான். சாப்பாட்டுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. அந்த ஓடைகளில் ஆரஞ்சு நிறப் பழங்கள் விழும். கப்பிகள் ஓடி வந்து தின்னும். எந்த ஓடை மீன்கள் ஆரஞ்சு நிறப் பொருளை அதிகம் நாடினவோ, அந்த ஓடைப் பெண்களே ஆரஞ்சு மாப்பிள்ளையையும் அதிகம் நாடின என்று 2002-ல் வந்த ஓர் ஆராய்ச்சி சொல்கிறது!

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் கதை வேறு. அங்கே நெருங்கிய உறவான இரண்டு மீன் இனங்கள். ஒன்றில் ஆண் நீலம், மற்றதில் சிவப்பு. பெண் நிறத்தைப் பார்த்தே தன் இனத்தானைத் தேர்ந்து கொள்கிறாள். நிறபேதம் தெரியாத விளக்கொளியில் வைத்தபோது அவளால் பிரித்தறிய முடியவில்லை. ஏரித் தண்ணீர் கலங்கிப் போன இடங்களில் இப்படிப்பட்ட இனங்கள் ஒன்றோடொன்று கலந்து, தனித்தன்மையையே இழக்கின்றன என்று ஓலெ ஸீஹவுசனும் அவருடைய கூட்டாளிகளும் 1997-ல் எழுதினார்கள். வலையும் வேண்டாம், விஷமும் வேண்டாம். அவள் கண்ணை மறைத்தாலே போதும், ஓர் இனம் மறைந்து விடும்!

மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னைப் பெண் பார்க்க வந்த அன்னிக்கு நான் ஜமக்காளத்தைத்தான் பார்த்தேன். இதுக்கு அந்தக் கஷ்டமில்லை" என்றவர், தொட்டியின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டார்.