வேன் மீற்றரின் முள் விழுந்துவிட்டால்

சகோதரிகளே, வேன் ஓடுகிறது, எஞ்சின் சத்தத்தில் குறையில்லை, ஆனால் மீற்றரின் முள் மட்டும் பூச்சியத்தை விட்டு எழும்பவில்லை. சில வேளை எழும்பி, நடுங்கி, திடீரென்று விழுந்துவிடுகிறது. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கும் எரிகிறது. ஓட்டோ கியர் வண்டியென்றால் கியர் மாறும்போது ஓர் உலுக்கு வேறு. ‘கியர்பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்’ என்று கராஜில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்த மாதச் சீட்டுக்காசு போனதாகவே வைத்துக்கொள்ளலாம்.

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரிக்கு இதுதான் நடந்திருக்கிறது. 1990களில் செய்த டொயோட்டா வேன், ஓட்டோ கியர். மூன்று இடத்தில் கேட்டாராம், மூன்று விதமாகச் சொன்னார்களாம். ‘ஸ்பீட் சென்சர் என்ற சாமானை மாற்றினால் சரி என்கிறார்கள், வீட்டிலேயே மாற்ற முடியுமா?’ என்று எழுதிக் கேட்டிருக்கிறார். முடியும், சகோதரி. ஒரு சாவி, ஒரு சின்ன மீற்றர், ஒரு பின்னேரப் பொழுது இருந்தால் முடியும். ஆனால் சாமான் வாங்குவது இந்த வேலையில் கடைசிப் படி. நம்மவர்கள் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தப் பழைய டவுன்ஏஸ், லைட்ஏஸ், ஹைஏஸ் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இருக்கிற வேனை வைத்துத்தான் இத்தனை வருடமும் சமாளித்தோம். 25, 30 வருடம் ஓடிய வண்டியில் எல்லாவற்றுக்கும் முன்பாகச் சோர்ந்துபோவது வயரும் பிளக்கும்தான்.

முதலில் அந்தச் சென்சர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்னும் பழைய வேன்களில் கியர்பெட்டியிலிருந்து மீற்றர் வரை ஒரு நீளமான கேபிள் போகும், அது சுற்றச் சுற்ற முள் எழும்பும். பிறகு வந்தவற்றில் கேபிளுக்குப் பதிலாகக் கட்டைவிரல் பருமனான ஒரு சென்சரைக் கியர்பெட்டியிலேயே பொருத்தினார்கள். உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் பற்சக்கரம் அதன் தண்டைச் சுற்றும். ஜப்பானிய அளவுப்படி வண்டி 1 கிலோமீற்றர் ஓடும்போது அந்தத் தண்டு 637 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் சென்சர் 4 தடவை மின் துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பை எண்ணித்தான் மீற்றர் முள்ளை நகர்த்துகிறது. அதே கணக்கை எஞ்சின் கம்பியூட்டரும் பார்க்கிறது, ஓட்டோ கியர் எப்போது மாற வேண்டும் என்பதற்கும் அது வேண்டும். ஒரு துண்டுச் சாமான் பேசாமல் போனால் மூன்று இடத்தில் நோய் தெரிவது இதனால்தான்.

இனி, காசு செலவில்லாத சோதனை. வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது பக்கத்தில் ஒருவரை இருத்தி, கிலோமீற்றர் எண்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். முள் விழுந்திருக்கிறது, ஆனால் எண்கள் ஏறுகின்றனவா? அப்படியானால் துடிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது, பழுது மீற்றருக்குள். சென்சரைத் தொடவே வேண்டாம். முள்ளும் எண்களும் சேர்ந்தே நின்றுவிட்டால், பெற்றோல் மானியையும் சூடு காட்டும் மானியையும் பாருங்கள். அவையும் செத்துக் கிடந்தால் பியூஸ் போயிருக்கலாம். பியூஸ் பெட்டியில் ‘கேஜ்’ என்று எழுதியிருப்பதைக் கழற்றிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பியூஸ் நல்லதென்றால் வண்டியிடமே கேட்கலாம். அந்தக் காலத்து டொயோட்டாவில் ‘டயக்னோசிஸ்’ என்று மூடியில் எழுதிய ஒரு சிறு பெட்டி இருக்கும், இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். மூடியின் உட்பக்கத்தில் ஒவ்வொரு துளைக்கும் பெயர் அச்சிட்டிருப்பார்கள். ‘டி.ஈ.1’ என்ற துளையையும் ‘ஈ.1’ என்ற துளையையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின் விளக்கு மின்னத் தொடங்கும். ஒரே சீராக, விடாமல் மின்னினால் எஞ்சின் கம்பியூட்டரில் குறை ஏதும் பதியவில்லை. நாலு தடவை மின்னி, சற்று நின்று, இரண்டு தடவை மின்னினால் அது 42, வேகத்துக்கான இலக்கம். ஓட்டோ கியர் தனக்கென்று பதிந்து வைத்த குறையை ‘ஓ.டி. ஓஃப்’ விளக்கு இதே மாதிரி மின்னிச் சொல்லும். எந்தத் துளை என்று நிச்சயமில்லாவிட்டால் வயரைச் செருகாதீர்கள். பெற்றரிக் கரண்ட் உள்ள துளையும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. பிந்திய வேன்களில் 16 துளைப் பிளக் ஒன்று டேஷ்போட்டின் கீழ் இருக்கும், அதற்கு ஸ்கேனர் வேண்டும். அங்கே இதே குறை ‘பி0500’ என்று வரும்.

இங்கேதான் கவனம் வேண்டும், சகோதரிகளே. 42 என்றால் சென்சர் செத்துவிட்டது என்று பொருளில்லை. ‘துடிப்பு என்னிடம் வந்து சேரவில்லை’ என்று மட்டுமே கம்பியூட்டர் சொல்கிறது. தபால் வரவில்லையென்றால் எழுதியவர் எழுதாமலும் இருந்திருக்கலாம், வழியில் தொலைந்தும் இருக்கலாம் அல்லவா? சில பாஸ்மார் இலக்கத்தைப் பார்த்ததுமே சாமானின் பெயரை எழுதித் தந்துவிடுவார்கள். அளந்து பார்த்தீர்களா நானா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அளப்பதற்கு வண்டியின் அடியில் போக வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஓட்டோ கியர் ‘பி’யில் இருக்கட்டும். தூக்க வேண்டியிருந்தால் ஸ்டாண்ட் வைத்துத் தூக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் படுக்க வேண்டாம், இதில் சலுகையே இல்லை. சைலன்சர் குழாய் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் விளையாடக் கூடாது. தனியாக இருக்கும் வேளையில் செய்யாமல், வீட்டில் ஒருவரை அழைத்தால் கேட்கும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் படுத்து எழும்புவது உடம்புக்கு ஒத்துவராதவர்கள் சேர்விஸ் ஸ்டேஷனின் குழியில் வைத்துப் பார்க்கலாம்.

கியர்பெட்டியின் பின்பகுதியில், ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும் அந்தச் சென்சரையும் அதில் செருகியிருக்கும் மூன்று வயர்ப் பிளக்கையும் காண்பீர்கள். பிளக்கின் கொக்கியை அமுக்கிக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா? ஒயில் ஊறியிருக்கிறதா? காத்தான்குடி, பேருவளை, புத்தளம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதை முதலில் எதிர்பார்க்கலாம், உப்புக் காற்று இரும்பையும் செம்பையும் விட்டுவைப்பதில்லை. சுத்தம் செய்து மீண்டும் செருகியதும் முள் எழும்பிவிட்ட வண்டிகள் எத்தனையோ. பிறகு வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். உரசித் தோல் கழன்ற இடம், எலி கடித்த இடம் இருந்தால் விரலுக்கே தெரியும்.

வயரும் நன்றாக இருந்தால் மல்டிமீற்றரை எடுங்கள், விலை குறைந்ததே போதும். சாவியைத் திருப்பி, கழற்றிய பிளக்கில் அளக்கும்போது ஒரு வயரில் பெற்றரியின் 12 வோல்ட் இருக்க வேண்டும், இன்னொன்று நெகட்டிவ், மூன்றாவது துடிப்பு போகும் வயர். 12 வோல்ட் வரவில்லையா? புதுச் சென்சர் பத்து வாங்கிப் போட்டாலும் முள் எழும்பாது, குறை மேலே வயரில்.

கரண்ட் வந்தால் மட்டும் சென்சரை வெளியே எடுங்கள். சாவியை அணைத்து, அடியில் ஒரு பழைய பேசின் வைத்து (கொஞ்சம் ஒயில் சொட்டும்), சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்த பின் போல்ட்டைக் கழற்றுங்கள். மண் உள்ளே விழுந்தால் கியர்பெட்டிக்கு உண்மையாகவே செலவு வரும். சென்சரை இழுக்காமல் இப்படியும் அப்படியும் திருகித் திருகி எடுங்கள். வெளியே வந்ததும் பிளாஸ்டிக் பற்சக்கரத்தைப் பாருங்கள். பல் தேய்ந்தோ உடைந்தோ இருந்தால் அதுதான் குற்றவாளி, சென்சர் பாவம். பல் நல்லதென்றால் பிளக்கை மறுபடி செருகி, சாவியைத் திருப்பி, துடிப்பு வயரில் மீற்றரின் ஊசியை வைத்துக்கொண்டு தண்டை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 4 தடவை வோல்ட் ஏறி இறங்க வேண்டும். அசையாமல் நின்றால், இப்போது மட்டுமே சொல்லலாம் சென்சர் செத்துவிட்டதென்று.

வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமானும் கிடைக்கும், புதிதாகச் செய்த போலியும் கிடைக்கும். நானென்றால், சோதித்துப் பார்க்க விடும் கடையில் பாவித்த அசலைத்தான் எடுப்பேன். உடலில் உள்ள இலக்கம், பிளக்கின் வடிவம் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். பற்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். பல் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் முள் பொய் சொல்லும். புது ரப்பர் வளையம் போட்டு, அதில் ஒரு சொட்டு ஒயில் தடவி, கையால் அமர்த்திய பின் போல்ட்டை அளவாக இறுக்குங்கள். அலுமினிய மறை, பலம் காட்டினால் கழன்றுவிடும். வயரைச் சைலன்சருக்கு எட்டாமல் கட்டிவிடுங்கள். பிறகு சாவியை அணைத்து ‘ஈ.எஃப்.ஐ.’ என்ற பியூஸைச் சற்று நேரம் கழற்றிப் போட்டால் பழைய 42 அழிந்துவிடும். ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியில் வேகத்தைப் பார்த்து முள்ளோடு ஒப்பிடட்டும்.

முள் நின்றிருந்த நாட்களில் ஓடிய தூரம் எண்களில் ஏறாது. ஒயில் மாற்றும் கணக்கில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறதென்றால் அது வேறு சென்சர். சக்கரத்துக்கு ஒன்றாக அது பொருத்தப்பட்டிருக்கும். சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் மழைப் பாதையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி ஸ்டியரிங் சொல் கேட்காது. பிள்ளைகள் ஏறும் வேனில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். டொயோட்டாவில் 31 முன் வலது, 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது. இரண்டு வயர் உள்ள பழைய வகையென்றால் வலது, இடது இரண்டையும் ஓம் அளவில் ஒப்பிடுங்கள், ஒன்று மட்டும் வெகுவாக விலகினால் அதுவே பழுது. புதிய வகையை ஓம் வைத்து அளக்கக் கூடாது. சில வேளை காந்த முனையில் ஒட்டிய இரும்புத் தூளைத் துடைத்தாலே போதும். துருப்பிடித்து இறுகியதை அடித்து எடுக்காதீர்கள், முதல்நாள் துரு ஒயில் விட்டு ஊற வையுங்கள்.

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். ஒருபோதும் எரியவே இல்லையென்றால் சந்தோசப்படாதீர்கள். முன்பு வைத்திருந்தவர் குறையை மறைக்கப் பல்பைக் கழற்றியிருக்கலாம். பல்பைப் போட்டுவிட்டுச் சோதனையை ஆரம்பியுங்கள்.