மைக்ரோவேவ் அடுப்பும் பழுதுபார்க்கும் உரிமையும்

சென்ற வாரம் நமது இல்லத்து மைக்ரோவேவ் அடுப்பு திடீரென்று ஒத்துழையாமையை மேற்கொண்டது. விளக்கு எரிந்தது; தட்டு சுழன்றது; விசிறியின் ஓசையும் கேட்டது. ஆனால் உள்ளே வைத்த ஒரு கோப்பைத் தண்ணீர் இரண்டு நிமிஷங்களுக்குப் பின்னும் வைத்தது வைத்தபடியே குளிர்ந்திருந்தது. விற்ற கம்பெனியின் ஆள் வந்தார். மூடியைக் கழற்றாமலேயே, "பழுதுபார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே லாபம்" என்று தீர்ப்புக் கூறிச் சென்றார். சாட்சியை விசாரியாமல் மரண தண்டனை விதிப்பது எந்த நாட்டு நீதி?

இவ்வடுப்பின் கோளாறுகளிற் பல, வெளியிலிருந்தே அறியக்கூடியவை. அடுப்பு முற்றும் உயிரற்றிருந்தால், அதே பிளக்கில் வேறொரு சாமானைச் செருகி மின்சாரம் வருகிறதாவென்று முதலிற் பார்க்க வேண்டும். தட்டு சுழலாவிடில், அடியிலுள்ள சக்கர வளையம் இடம் பிசகியிருக்கலாம். உள்ளே பொறி பறந்தால், உலோகக் கரையிட்ட பாத்திரமோ, சுவரிலுள்ள மைக்காத் தகட்டிற் படிந்து கருகிய எண்ணெய்ப் பிசுக்கோ காரணமாகலாம். இவ்வளவும் குடும்பஸ்தர் தாமே கவனிக்கத் தக்கவை.

ஆனால் யாவும் இயங்கியும் சூடு மட்டும் பிறவாவிடில், குற்றம் பெரும்பாலும் உயர் அழுத்த மின்சாரப் பகுதியில் இருக்கும். அங்கே நமது வாசகர்கள் கை வைக்கலாகாது என்று கண்டிப்பாக எச்சரிக்கிறோம். வீட்டு மின்சாரத்தை ஏறக்குறைய 2000 வோல்ட்டாக உயர்த்தும் டிரான்ஸ்பார்மர் அங்கே உண்டு. அதையடுத்த கபாஸிடர், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் போக்கவல்ல மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். எரிந்துபோன பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றுவதும் பெரும் பிழை. கதவின் காவல் ஸ்விட்சுகள் கெட்டால், கதிர் வெளிப்படாமல் தடுக்கும் பொருட்டே அந்தப் பியூஸ் தன்னை எரித்துக்கொள்வதுண்டு.

நிற்க. நமது அடுப்பின் கதி என்னவாயிற்று? இத்தொழிலிற் பழகிய ஒரு மெக்கானிக் வந்து, கபாஸிடரில் தங்கிய மின்சாரத்தை முறைப்படி போக்கிவிட்டுச் சோதித்தார். கெட்டிருந்தது ஒரு சிறு டயோடு மட்டுமே. சொற்பச் செலவில் அடுப்பு மீண்டும் வேலை செய்கிறது.

அபாயம் உண்டாதலால் உட்பகுதியின் விவரங்களைப் பிறர் அறியலாகாது என்று சில உற்பத்தியாளர்கள் வாதிக்கின்றனர். அபாயம் என்பது கற்பிப்பதற்குக் காரணமேயன்றி மறைப்பதற்குக் காரணமாகாது. 1945-ல் இவ்வடுப்புக்குப் பேடண்டு கோரி மனுச் செய்த அமெரிக்கரான பர்ஸி ஸ்பென்ஸர், ஆரம்பப் படிப்பைக்கூட முடிக்காமல், தாமே முயன்று மின்சாரத் தொழில் கற்றவர். கைத்தொழிலாளியின் அறிவிலிருந்து பிறந்த யந்திரத்தைக் கைத்தொழிலாளிக்கே மறைப்பது விந்தையன்றோ!

2022 டிஸம்பரில் இந்திய அரசாங்கம் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கி, வீட்டுச் சாமான்களையும் அதன் ஒரு பிரிவாகச் சேர்த்தது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் விவரம் தருவது கம்பெனிகளின் தயவாக இருத்தல் போதாது. பழுதுபார்க்கும் குறிப்புகளையும் உதிரிப் பாகங்களையும் நியாய விலையில் எந்தத் தேர்ந்த தொழிலாளிக்கும் அளிப்பதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு நாமே சொந்தக்காரர்; விற்றவருக்கு நாம் குடிவாரக்காரர் அல்லோம்.