மேகத்தில் சிதம்பர ரகசியம் ஏதுமில்லை

சென்ற மாதம் சிதம்பரத்திலிருந்து என் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, 640 தான் வந்திருக்கு. 700 வேணுமாம்" என்றாள். குரலில் அழுகை. அமேசான் நிறுவனத்தின் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வைத்தான் சொன்னாள். கிளவுட் கம்ப்யூட்டிங் துறையில் நுழைய நினைப்பவர்களில் பலர் முதலில் எழுதும் தேர்வு இது. கட்டணம் 100 டாலர். வரியும் சேர்ந்தால் நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். அக்காவின் தையல் வருமானத்தில் சேர்த்த பணம் அது.

எப்படிப் படித்தாய் என்று கேட்டேன். ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருக்கிறாள். அவர்கள் 400 கேள்விகளும் விடைகளும் கொண்ட ஒரு பி.டி.எப். பைலைக் கொடுத்து, "இதை மனப்பாடம் செய்தால் போதும், வேலை நிச்சயம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் வரி விடாமல் மனப்பாடம் செய்திருக்கிறாள். தேர்வில் கேள்விகள் வேறு மாதிரி வந்தன. அவ்வளவுதான்.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்வு நல்ல தேர்வு. ஆனால் இதை மனப்பாடப் பரீட்சையாக மாற்றி நம் ஊர்ப் பிள்ளைகளிடம் விற்பது பெரும் தவறு. திருடிய கேள்விகளை வைத்துப் படிப்பது தேர்வு விதிகளுக்கும் எதிரானது. கண்டுபிடித்தால் மதிப்பெண்ணை ரத்து செய்வார்கள். மீண்டும் தேர்வு எழுதவும் தடை விதிக்கலாம்.

அப்படியானால் எப்படிப் படிப்பது? முதலில் தேர்வின் அமைப்பைத் தெரிந்து கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் இதன் பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டது. 90 நிமிடங்களில் 65 கேள்விகள். இவற்றில் 50 கேள்விகளுக்கு மட்டுமே மதிப்பெண் உண்டு. மீதி 15 சோதனைக்காகச் சேர்க்கப்பட்டவை. எவை அந்த 15 என்று உங்களுக்குத் தெரியாது. 1000க்கு 700 எடுக்க வேண்டும். தொழில்நுட்பமும் சேவைகளும் 34 சதவிகிதம், பாதுகாப்பு 30, அடிப்படைக் கருத்துகள் 24, கட்டணமும் பில்லிங்கும் 12. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எனவே எந்தக் கேள்வியையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்து, புரிந்து படிப்பது. கேள்விகளில் பாதிக்கு மேல் நம் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது என்பது என் அனுபவம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கூரை ஷீட் பறந்து, மழைத் தண்ணீர் கம்ப்யூட்டரின் மேலேயே கொட்டியது. நான்கு வருட பைல்கள் போயின. பேக்கப் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்து வைத்திருந்தேன். அந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் அதே மேஜையில்தான் இருந்தது!

அவைலபிலிட்டி ஸோன் என்றால் என்ன என்று மருமகள் கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். அந்த டிஸ்க்கை சிதம்பரத்தில் அக்கா வீட்டில் வைத்திருந்தால் தப்பித்திருக்கும். கடலூரும் சிதம்பரமும் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் இடைவெளி. ஒரு ரீஜியனுக்குள் இருக்கும் ஸோன்களும் இப்படித்தான். ஒன்றில் தீயோ வெள்ளமோ வந்தால் மற்றொன்று தாங்கும்படி தள்ளித் தள்ளி, ஆனால் 100 கிலோமீட்டருக்குள் அமைக்கிறார்கள். சரி, கடலூர் மாவட்டம் முழுவதுமே மூழ்கினால்? 2015 வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? அதற்காகத்தான் வேறொரு ரீஜியன். அமேசானுக்கு இந்தியாவில் மும்பையில் 2016 முதலும், ஐதராபாத்தில் 2022 முதலும் ரீஜியன்கள் உள்ளன. இப்போது ஸோனுக்கும் ரீஜியனுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு மறக்குமா?

பொறுப்புப் பகிர்வு என்று ஒரு பாடம் உண்டு. இதிலிருந்து நிறையக் கேள்விகள் வரும். பேங்க் லாக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். கட்டிடம், இரும்புக் கதவு, காவலாளி எல்லாம் பேங்க்கின் பொறுப்பு. சாவியை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பது உங்கள் பொறுப்பு. அமேசான் தன் டேட்டா சென்டரைப் பார்த்துக் கொள்ளும். உங்கள் பாஸ்வேர்டை நண்பரிடம் கொடுத்தால் அது பொறுப்பாகாது.

கட்டண முறைகளும் அப்படியே. பசித்தபோது மெஸ்ஸுக்குப் போய்க் காசு கொடுத்துச் சாப்பிடுவது ஆன் டிமாண்ட். மாத டோக்கன் வாங்கிக் குறைந்த விலையில் சாப்பிடுவது ரிசர்வ்டு. ஸ்பாட் என்பது ரயிலில் காலியாக இருக்கும் அடுத்தவர் சீட்டில் உட்காருவது போல. மிக மலிவு, ஆனால் உரியவர் வந்தால் எழுந்திருக்க வேண்டும். அங்கே இரண்டு நிமிட முன்னறிவிப்பு மட்டும் கொடுப்பார்கள்!

படிப்பதற்குப் பணம் தேவையில்லை. அமேசானின் ஸ்கில் பில்டர் வெப்சைட்டில் இந்தத் தேர்வுக்கான அடிப்படைப் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. கூடவே ஒரு அக்கவுண்ட் திறந்து கையால் செய்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய வீடியோக்களில் 12 மாதம் இலவசம் என்று சொல்வார்கள். 2025 ஜூலை 15 முதல் புதிய அக்கவுண்ட்களுக்கு அந்த முறை மாறிவிட்டது. இப்போது 100 டாலர் கிரெடிட்டும், சில வேலைகளைச் செய்து முடித்தால் மேலும் 100 டாலர் வரையும் தருகிறார்கள். இலவசத் திட்டம் ஆறு மாதம் வரை. திறந்தவுடன் ரூட் அக்கவுண்ட்டுக்கு இரட்டைப் பாதுகாப்பு போட்டு, பட்ஜெட் அலர்ட்டும் வைத்துவிடுங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, பெயர். நமக்கு இனிஷியல் வழக்கம். தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கட்டும் முன்பே இதைச் சரி பாருங்கள். இரண்டாவது, நேரம். இந்தத் தேர்வு தமிழில் இல்லை. ஆனால் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் கேட்டால் 30 நிமிடம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். தேர்வுத் தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுப் பெற வேண்டும். என் மருமகளிடம் பயிற்சி மையத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. மூன்றாவது, கரண்ட். வீட்டிலிருந்தே எழுதலாம் என்றாலும் நடுவில் கரண்ட்டோ இன்டர்நெட்டோ போனால் திண்டாட்டம்தான். யு.பி.எஸ். இல்லாத வீடு என்றால் தேர்வு மையத்துக்கே போய்விடுங்கள். பஸ் செலவு பெரிதல்ல.

இந்தச் சான்றிதழ் கிடைத்தால் வேலை கிடைக்குமா? இது மட்டும் போதாது. இது எல்.எல்.ஆர். மாதிரி. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டீர்கள் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே. மூன்று வருடம் செல்லுபடியாகும். அதற்குள் லினக்ஸ், நெட்வொர்க்கிங் படித்து, நீங்களே ஒரு சிறிய வெப்சைட்டை மேகத்தில் ஏற்றிக் காட்டுங்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். "வேலை நிச்சயம்" என்று சொல்பவரிடம் அதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறிவிடும்.

தோற்றவர்கள் 14 நாட்கள் கழித்து மீண்டும் எழுதலாம். ஆனால் முழுக் கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். மருமகள் அந்த பி.டி.எப். பைலை அழித்துவிட்டாள். இப்போது தினமும் ஒரு மணி நேரம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடலூரிலிருந்து போகிறேன். அக்கா தைக்கும் ரவிக்கைகளின் போட்டோக்களை வைத்து ஒரு வெப்சைட் தயாராகிறது. அடுத்த மாதம் தேர்வு. சென்ற வாரம் போனபோது, "மாமா, போட்டோவை எல்லாம் மும்பையில வச்சிட்டேன். ஒரு காப்பி ஐதராபாத்தில இருக்கு" என்றாள். இம்முறை எனக்குக் கவலையில்லை.

ஆகாயத் தலமான சிதம்பரத்தில் இருப்பவர்களுக்கு மேகம் எட்டாத ஒன்றா என்ன? இதில் ரகசியம் ஏதுமில்லை. பொறுமையாகப் புரிந்து படித்தால் போதும்.