தறியூரும் நொதியும்

நம் மாணவர் சிலர்க்குப் பிறந்தகமாகிய சங்கரன்கோவிலில் தறியோசை புதிதன்று. பாவு நூல் அறாதிருக்கக் கஞ்சி ஏற்றுவது நெசவாளர் வழக்கம். துணியில் வெளுப்பும் சாயமும் செவ்வனே பற்றவேண்டின் அக்கஞ்சி நீங்குதல் வேண்டும். ஆலைகளில் இதனைச் செய்வது அமைலேஸ் என்னும் நொதி. மாவைப் பிளப்பதனால் நொதி செலவழிவதில்லை; எனினும் கழுவுநீரோடு வீணே போகின்றது.

அதனைத் திடப்பொருளொன்றிற் பிணித்து மீண்டும் மீண்டும் பயன்கொள்ளலாகாதோ? 1916-இல் அமெரிக்காவில் நெல்சன், கிரிபின் என்போர், ஈஸ்டினின்று எடுத்த இன்வர்டேஸ் கரியிற் படிந்த பின்னும் சர்க்கரையைப் பிளத்தல் கண்டனர். 1969-இல் ஜப்பானில் சிபாட்டா குழுவினர் நொதிப் பிணிப்பைத் தொழிற்சாலைக்குக் கொணர்ந்தனர்.

பிணித்த நொதி நூலிழையினுள் எளிதிற் புகாது என்பர். மெய்யே. ஆதலின் துணியை விடுத்து, கழுவுநீரில் எஞ்சிய மாவினிடத்தே அதனைச் சோதித்தறிக என்கின்றோம். கரி நம் சீமையில் அரிய பொருளன்று. மாவினைக் காட்ட அயோடின் துளியொன்று போதும். ஒரே கரி எத்தனை முறை அந்நீலத்தை மறைக்கும் என எண்ணிப் பார்த்தல் நம் மாணவர்க்கு இயலாததோ? பிறர் கண்டதை மனனஞ்செய்து தேர்வெழுதுதலே விஞ்ஞானமாயின், அண்டைத் தறிகாரர்க்கு நம் கலாசாலையால் ஆவதென்ன?