ஐயம் கொள்வது பாவமா?

துன்பம் நேர்ந்த இல்லத்தில் சொல்லப்படும் ஆறுதல் மொழிகளுள் சில, அத்துன்பத்தினும் கொடியவை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அருகில் அமர்ந்து, "நேர்ச்சை ஏதும் பாக்கி வைத்தீர்களோ?" என்று வினவுவோர் உண்டு. "எல்லாம் கடவுள் சித்தம்; கேள்வி கேட்கலாகாது" என்று வாயடைப்போரும் உண்டு. அதன்பின் அத்தாய் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டால், விசுவாசம் குன்றியவள் என்ற பழியும் அவள்மீதே விழுகிறது. இத்தகைய குடும்பங்களை ஏற்காட்டு மலைமீதும் அடிவாரத்திலும் நாம் கண்டிருக்கிறோம். "கடவுள் நீதியுள்ளவரானால் எனக்கு ஏன் இது?" என்று கேட்பது பாவந்தானா? மறைநூலையே துணைக்கொண்டு இத்திங்கள் சிந்திப்போம்.

பழைய ஏற்பாட்டில் ஞான நூல்கள் எனப்படும் பகுதி ஒன்று உண்டு. அவற்றுள் நீதிமொழிகள் காட்டும் வழி நேரானது: உழைப்பவன் உண்பான், சோம்பேறி வாடுவான், நேர்மையாளன் தழைப்பான். பிள்ளைகளை வளர்க்க இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஆயினும் வாழ்வு எப்போதும் இக்கணக்கின்படி நடப்பதில்லை என்பதைச் சேர்வராயன் மலையில் காபி பயிரிடுவோர் நன்கறிவர். மார்ச், ஏப்ரல் திங்களில் செடிகளின் மொட்டுகள் ஒரு மழைக்காகக் காத்திருக்கின்றன. அம்மழை பெய்து பத்து நாள் அளவில் மல்லிகை மணத்துடன் மலை முழுதும் வெண்பூ மலர்கிறது. மழை பொய்த்தாலும், பூத்த நாளிலேயே கொட்டித் தீர்த்தாலும் காய்ப்புக் குன்றும். தண்டைத் துளைக்கும் வண்டு, தோட்டத்துக்காரர் பூசைக்குப் போகிறவரா என்று விசாரிப்பதில்லை. 1975 சூலையில் பிரேசில் நாட்டின் பரனா மாநிலத்தில் விழுந்த கடும் உறைபனி கோடிக்கணக்கான காபிச் செடிகளைக் கருக்கியது; உலகச் சந்தையில் விலை ஏறியது. அங்குள்ள உழவன் இழந்ததற்கு அவன் பாவமோ, வேறு நாட்டு உழவன் இலாபம் பெற்றதற்கு அவன் புண்ணியமோ காரணம் என்று எவரே துணிந்து கூறுவர்?

இந்த முரண்பாட்டை மறைநூல் மூடி மறைக்கவில்லை. நீதிமொழிகளுக்கு எதிர்க்கேள்வி போடும் இரு நூல்களைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஒன்று யோபு, மற்றொன்று சபை உரையாளர்.

யோபு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அவருடைய பொறுமை. ஆனால் அந்தப் பொறுமையின் வரலாறு முதலிரண்டு அதிகாரங்களோடு முடிந்துவிடுகிறது. மூன்றாம் அதிகாரத்தில் அவர் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களில் நடப்பது கடுமையான வழக்கு. எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்னும் நண்பர் மூவரும் கடவுளுக்காக வாதாடுகின்றனர்: கடவுள் நீதியுள்ளவர், நீ துன்புறுகிறாய், ஆகவே நீ பாவம் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். யோபுவோ தாம் குற்றமற்றவர் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. கடவுளே வந்து விடையளிக்க வேண்டும் என்று அறைகூவுகிறார்.

இறுதியில் ஆண்டவர் சூறாவளியினின்று பேசுகிறார். விண்மீன்களையும் கடலையும் காட்டு விலங்குகளையும் காட்டி, யோபுவின் அறிவு எவ்வளவு சிறியது என்பதை உணர்த்துகிறார், யோபுவும் பணிகிறார். ஆனால், "உனக்கு ஏன் துன்பம் வந்தது?" என்பதற்குக் காரணம் எதுவும் கூறப்படவில்லை. வியப்பூட்டுவது அதன்பின் வருவதே. தமக்காக வாதாடிய நண்பர்கள்மீதுதான் கடவுள் சினம் கொள்கிறார். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே எனத் தீர்ப்பளிக்கிறார். அந்த யோபு மன்றாடினால்தான் நண்பர்களுக்கு மன்னிப்பு என்கிறார்.

ஏன் இந்தத் தீர்ப்பு? நூலை மீண்டும் புரட்டிப் பாருங்கள். நண்பர்கள் கடவுளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றனர். ஓரிடத்திலேனும் கடவுளை நோக்கிப் பேசவில்லை. யோபு ஏசினாலும் அழுதாலும் மீண்டும் மீண்டும் கடவுளிடமே திரும்புகிறார். அவருடைய ஐயம் மன்றாட்டாக இருந்தது. அவர்களுடைய பக்தியில் மன்றாட்டு இல்லை.

சபை உரையாளர் வேறு வகையினர். யோபுவைப் போல் கதறாமல், அமைதியாக உலகை நோக்கி, ஞானிக்கும் மூடனுக்கும் முடிவு ஒன்றே என்கிறார். ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இந்நூல் எழுந்தது என்பர் அறிஞர். இதில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை வரும் எபிரேயச் சொல் 'ஏவெல்' என்பது. தமிழில் 'வீண்' என்றும் 'மாயை' என்றும் பெயர்க்கப்பட்டாலும், அதன் மூலப்பொருள் மூச்சு, ஆவி என்பதாம். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நூலுக்கு விரிவுரை எழுதிய புனித எரோணிமூஸ் இதனைக் குறித்துள்ளார். ஏற்காட்டில் வாழ்வோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் ஏரியை மூடும் பனிமூட்டம் பொய்யன்று, உண்மையே. ஆனால் கையில் பிடிக்க முடியாது, வெயில் ஏறியதும் நில்லாது. உலகம் பொய் என்று அவர் சொல்லவில்லை. உழைப்பும் செல்வமும் அறிவும் நம் பிடியில் நில்லா என்கிறார். ஆகவேதான், உண்ணும் உணவையும் அன்பான துணையையும் கடவுளின் கொடையாக இன்றே மகிழ்ந்து ஏற்கச் சொல்கிறார்.

இந்நூலைத் திருநூல் வரிசையில் சேர்க்கலாமா என்று யூத மறைவல்லுநர்கள் வாதிட்ட செய்தி, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் காணப்படுகிறது. முடிவில் ஏற்றனர், பல யூதச் சமூகங்கள் அறுவடை மகிழ்ச்சிக்குரிய கூடாரத் திருவிழாவில் இதனை வாசிக்கின்றன. திருச்சபையும் இவ்விரு நூல்களையும் தொடக்கமுதல் போற்றி, 1546இல் திரெந்துப் பொதுச்சங்கத்தில் மறைநூல்களாக உறுதிசெய்தது. இரண்டாம் ஆண்டின் பொதுக்கால 5ஆம் ஞாயிறன்று யோபுவின் புலம்பலும், மூன்றாம் ஆண்டின் 18ஆம் ஞாயிறன்று சபை உரையாளரின் பெருமூச்சும் திருப்பலியில் வாசிக்கப்படுகின்றன. வாசகம் முடிந்ததும் நாம் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஐயத்தின் குரலுக்காகவும் நன்றி கூறக் கற்பிக்கும் தாயல்லவா நம் திருச்சபை!

தமிழ் மரபுக்கும் இவ்வினா புதிதன்று. புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்டு, உலகைப் படைத்தவனையே பண்பற்றவன் எனக் கடிகிறார். ஆயினும் இவ்வுலகில் இனியவற்றைக் காணுமாறு முடிக்கிறார். பொறாமையுள்ளவன் செழிப்பதும் நல்லவன் கெடுவதும் எண்ணிப் பார்த்தற்குரியன என்று அழுக்காறாமை அதிகாரத்தில் வள்ளுவரும் நிறுத்துகிறார். இடர் கண்ட மனிதன் எங்கும் இதையே கேட்கிறான். அக்கேள்வியைக் கடவுளின் முகத்துக்கு நேரே கேட்கலாம் என்பதே யோபு நமக்குத் தரும் துணிவு.

நம் ஆண்டவர் இயேசுவும் நண்பர் மூவரின் பக்கம் நிற்கவில்லை. பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் எனச் சீடர் வினவியபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்றார். சிலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்றார். சிலுவையிலோ, தந்தை தம்மைக் கைவிட்டது ஏன் என்று தாமே கேட்டார். யோபு காணாத உயிர்ப்பை நாம் விசுவசிக்கிறோம். ஆனால் அந்த உயிர்ப்புக்குச் செல்லும் வழி, அக்கேள்வியின் ஊடேதான் சென்றது.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கும் அன்பியத்தாருக்கும் நாம் வேண்டுவது இது. துக்க வீட்டுக்குச் செல்லும்போது காரணம் கற்பிக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நற்செயல், முதல் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்ததே. அதைச் செய்யுங்கள், அடுப்பெரிய உதவுங்கள், முப்பதாம் நாள் பூசை முடிந்து கூட்டம் கலைந்த பின்னும் ஒருமுறை சென்று பாருங்கள். "கடவுள் இருக்கிறாரா?" என்று வளர்ந்த மகன் கேட்டால் அதட்டாமல், யோபு நூலை அவன் கையில் கொடுத்து, உடன் அமர்ந்து வாசியுங்கள்.

கோயிலுக்கு வராமல் இருக்கும் அத்தாயிடமும் ஒரு சொல்: அம்மா, உங்கள் கேள்வியோடே வாருங்கள். அதை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டியதில்லை. உங்களுக்கு முன்பே அதைக் கேட்டவர் ஒருவர் பீடத்தின்மேல் சிலுவையில் இருக்கிறார்.