காய்ந்தது கட்டை, கரைந்தது நம்ம காசு!



நாலு வருஷம் தண்ணி கட்டி, ஆடு மாடு கடிக்காமல் காவல் காத்து சவுக்கு வளர்ப்பவன் விவசாயி. ஆனால் அதற்கு விலை சொல்பவன் யார்? புரோக்கர்!

வெட்டிய கட்டை வரப்போரம் கிடக்கிறது. லாரி இன்னிக்கு வரும், நாளைக்கு வரும் என்கிறார்கள். வெயிலில் ஈரம் வற்றி, நாளுக்கு நாள் எடை குறைகிறது. கணக்கைப் பாருங்கள். டன் 6,000 ரூபாய் என்று பேசி, வெட்டிய அன்று 10 டன் இருந்த கட்டை, எடை மேடை ஏறும்போது 8 டன் ஆனால் 12,000 ரூபாய் போச்சு! வெட்டுக்கூலி மட்டும் குறையுதா? போனது வெறும் தண்ணி. காகிதம் ஆகிற மரம் அப்படியேதான் இருக்கு. காய்ந்த கட்டையில் டன்னுக்கு அதிகக் கூழ் ஆலைக்குக் கிடைக்குது. லாபம் அவர்களுக்கு, நஷ்டம் நமக்கா?

காட்டை அழிக்காதே என்று எல்லோரும் பேசுகிறார்கள். நல்லதுதான். காகிதக் கூழுக்கும், சென்ட்ரிங் முட்டுக்கும், பந்தல் காலுக்கும், விறகுக்கும் நம்ம பட்டா நிலத்து மரம் போவதால்தானே காட்டு மரம் தப்புகிறது? அந்தப் புண்ணியத்துக்குக் கூலி இதுதானா?

1988 தேசிய வனக் கொள்கை என்ன சொல்கிறது? ஆலைகள் மரம் வளர்ப்பவரோடு நேரடித் தொடர்பு வைக்க வேண்டும். கடன், ஆலோசனை, வெட்டி ஏற்றிச் செல்லும் வசதி எல்லாம் தர வேண்டும் என்கிறது. நாம் கேட்பது சலுகை அல்ல, ஏட்டில் எழுதியதைத்தான்!

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. தோப்பைக் குத்துமதிப்பாக மொத்தமாய் விற்றுவிடுகிறோம். நேர்க்கழி, கூழ்க்கட்டை, மிளார் என்று பிரித்து விலை பேசுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் வெட்டினால், லாரி நம்மைத் தேடி வரும்!

நமது கோரிக்கைகள்:

1. ஆலையின் கொள்முதல் விலையை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்ட வேண்டும்.

2. வெட்டிய இரண்டு நாளில் எடை போட வேண்டும். தாமதமானால் ஈரம் குறைந்த அளவுக்கு டன் விலையைக் கூட்டித் தர வேண்டும்.

3. முத்திரையிட்ட எடை மேடையில், விவசாயி கண் முன்னால் எடை போட்டு, சீட்டு தர வேண்டும்.

4. 15 நாளில் பணம் நம்ம வங்கிக் கணக்கில் ஏற வேண்டும்.

தனித்தனியாய் நின்றால் மிளார். சேர்த்துக் கட்டினால் ஒடிக்க முடியாத கட்டு!

ஒன்றுபடுவோம்! உரிய விலை பெறுவோம்!