மலை ரயிலின் நிதானம்

1899-ம் ஆண்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய மலை ரயிலைப் பற்றிப் பிரயாணிகளுக்குத் தீராத குறை ஒன்று உண்டு. "ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது, இறங்கும்போதாவது ஓடக் கூடாதோ?" என்பார்கள். கூடாது! கணக்கைப் பாருங்கள்.

நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஓடும் பொருளின் சக்தி கிடைக்கும். கல்லாற்றுக்கு மேலே பல்சக்கரப் பாதையில் உச்ச வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். அதாவது விநாடிக்குச் சுமார் 3.6 மீட்டர். ஆயிரம் கிலோ நிறைக்கு ஏறக்குறைய 6,500 ஜூல். வேகத்தை இரட்டித்தாலோ அது நான்கு மடங்காகி 26,000 ஆகிவிடும்.

அதோடு போயிற்றா? செங்குத்தான இடங்களில் பன்னிரண்டரை மீட்டர் ஓடுவதற்குள் வண்டி ஒரு மீட்டர் இறங்கிவிடுகிறது. பிரேக் மட்டும் பிடிக்காவிட்டால், அந்தச் சிறு தூரத்திலேயே ஆயிரம் கிலோவுக்கு 9,800 ஜூல் புதிதாகச் சேரும். முன்பிருந்த சக்தி முழுவதையும்விட இது அதிகம்! பெட்டிக்குப் பெட்டி பிரேக்காரர் ஒருவர் கொடியுடன் நிற்பது வேடிக்கை பார்க்க அல்ல.